இன்ஜினை ஆறவிட்டுப் பார், ஹைட்ராலிக்கைச் சூடாக்கிப் பார்: தோட்டத்துக்குப் பழைய மினி ஹிட்டாச்சி வாங்குவது எப்படி

எங்கள் பக்கம் டயர் போட்டு மண் அள்ளினால் ஜேசிபி, செயின் போட்டு மண் அள்ளினால் ஹிட்டாச்சி. கம்பெனி பெயர் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. "குபோட்டா ஹிட்டாச்சி ஒண்ணு வந்திருக்கு, பார்க்கறீங்களா?" என்று ஒரு தரகர் என்னிடமே கேட்டிருக்கிறார். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். மினி ஹிட்டாச்சி என்று சொல்வது ஏறக்குறைய ஒன்றரை டன்னிலிருந்து ஆறு டன்னுக்குள் இருக்கும் சின்ன எக்ஸ்கவேட்டர்களை.

ஆனைமலைப் பக்கம் கேரள வேர் வாடல் நோய் வந்தபின் தென்னை மரங்களை வெட்டுவதும், கட்டையைத் தோண்டுவதும், புதுக் கன்றுக்குக் குழி எடுப்பதும் தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தீராத வேலையாகிவிட்டது. வாடகை வண்டிக்குக் காத்திருந்து சலித்துத்தான் நானும் சொந்தமாக வாங்கினேன். முதல் வண்டியில் ஏமாந்தேன், இரண்டாவதில் தப்பித்தேன். இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். வாடகைத் தொழிலுக்கு வாங்குபவர்களின் கணக்கு வேறு. இது சொந்த வேலைக்கு வாங்குபவர்களுக்கு.

முதலில் பேப்பரில் ஒரு கணக்கு

வண்டி பார்க்கக் கிளம்பும் முன் ஒரு வருடத்தில் உண்மையில் எத்தனை மணி நேர வேலை இருக்கிறது என்று எழுதுங்கள். தென்னைக்கு மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் என்று குழி எடுத்தால் ஒரு குழிக்கு முக்கால் கன மீட்டர் மண். மூன்று டன் வண்டியின் பக்கெட்டில் ஒரு தடவைக்கு 0.08 முதல் 0.1 கன மீட்டர் வரை வரும். பத்துப் பக்கெட் அள்ளினால் குழி முடிந்தது. நகர்வது, நிற்பது, ஓரம் செதுக்குவது எல்லாம் சேர்த்துக் குழிக்குப் பத்து நிமிடம் வையுங்கள். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 70 மரம். ஆக, ஒரு ஏக்கருக்குக் குழி எடுக்கப் பன்னிரண்டு மணி நேரம். அவ்வளவுதான்! இதற்காகவா பல லட்சம் போடுவது?

கட்டை தோண்டுவது, வாய்க்கால் தூர் வாருவது, சொட்டு நீர்ப் பைப்புக்குப் பள்ளம், பாதை போடுவது, பண்ணைக்குட்டை ஆகியவற்றையும் சேருங்கள். உதாரணத்துக்கு, வருடம் 150 மணி நேர வேலை, வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வாடகைச் செலவு ஒன்றரை லட்சம். வண்டிக்குப் போட்ட பணம் 12 லட்சம் என்றால், பத்து சதவீத வட்டியே 1,20,000. அதற்கு மேல் டீசல், ஆயில், ஃபில்டர், செயின். கணக்குப்படி வாடகைதான் ஜெயிக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையும் விவசாயிகளுக்கு இயந்திரங்களைக் குறைந்த வாடகையில் தருகிறது. உங்கள் வட்டத்தில் எந்த வண்டி, எப்போது கிடைக்கும் என்று முதலில் அங்கே கேளுங்கள்.

அப்புறம் ஏன் வாங்குகிறோம்? மழை விட்ட மூன்றாம் நாள் மண் பதமாக இருக்கும்போது வாடகை வண்டி வேறு யார் தோட்டத்திலோ நிற்கும் என்பதால். அந்த வசதிக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று தெரிந்துகொண்டு வாங்கினால் சரி. வருடம் நூறு மணி நேரத்துக்கும் கீழே என்றால் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரோடு சேர்ந்து வாங்குவதை யோசியுங்கள். அண்ணன் தம்பி சேர்ந்து வாங்குவது வேறு கதை, அதில் நான் கருத்துச் சொல்லமாட்டேன்.

எத்தனை டன்

ஒன்றே முக்கால், இரண்டு டன் வண்டிகள் இரண்டேகால் மீட்டர் ஆழம் வரை தோண்டும். அகலம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூட, அதனால் ஒன்பதடி இடைவெளியில் நட்ட பாக்குத் தோப்புக்குள்ளும் போகும். பைப் பள்ளத்துக்கு அருமை. ஆனால் முற்றிய தென்னங்கட்டையோடு மல்லுக்கட்ட விட்டால் வண்டிதான் தூக்கிக்கொண்டு நிற்கும்.

மூன்று, மூன்றரை டன் வண்டி மூன்று மீட்டர் வரை தோண்டும், அகலம் ஒன்றரை மீட்டர் அளவில். தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு இதுதான் என் சிபாரிசு. கட்டையைச் சுற்றி வேரை அறுத்துக்கொண்டே வந்தால் நிதானமாகப் பிடுங்கிவிடும். ஐந்து, ஐந்தரை டன் வண்டிக்கு அது விளையாட்டு வேலை. ஆனால் ஏற்றி இறக்கப் பெரிய லாரி வேண்டும், ஸ்பேர் விலை ஒரு படி மேலே, ஈர மண்ணில் பதிந்தால் எடுக்க இன்னொரு வண்டி வேண்டும்.

பின்பக்கம் செயின் அகலத்தைத் தாண்டி நீட்டாமல் சுற்றும் 'ஜீரோ டெயில்' வண்டிக்குத் தரகர்கள் கூடுதல் விலை சொல்வார்கள். ஜப்பானின் யன்மார் கம்பெனி 1993இல் வியோ வரிசையில் கொண்டுவந்த அமைப்பு அது. சந்துக்குள் வேலை செய்ய ஏற்றது. 25 அடி இடைவெளித் தோப்பில் அதற்காக ஒரு ரூபாய் கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. பாக்கு, வாழை, வீட்டு மதில் ஓரம் என்றால் கொடுக்கலாம்.

எந்தக் கம்பெனி

இதற்கு ஒரே பதில்தான்: உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் வரக்கூடிய மெக்கானிக் எந்தக் கம்பெனி வண்டியில் கை பழகியவரோ, அந்தக் கம்பெனி. ஜேசிபி, டாடா ஹிட்டாச்சி, குபோட்டா, கேட்டர்பில்லர், கொபெல்கோ, பாப்கேட், சானி என்று எல்லாவற்றிலும் நல்ல வண்டியும் உண்டு, உழைத்துத் தேய்ந்த வண்டியும் உண்டு. மாடல் பெயரை எழுதிக்கொண்டு போய் ஸ்பேர் கடையில் மூன்று பொருள் மட்டும் விலை கேளுங்கள்: ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் வண்டியை இயக்கும் அமைப்பு) ரிட்டர்ன் ஃபில்டர், பூம் (வண்டியின் பெரிய கை) சிலிண்டர் சீல் கிட், ஒரு ஜோடி ரப்பர் டிராக் (ரப்பர் செயின்). "சொன்னால் வரவழைத்துத் தருகிறோம்" என்று மூன்றுக்கும் பதில் வந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

ஜப்பானில் ஓடிப் பழசாகி இறக்குமதியான வண்டிகளிலும் இதே கண்டம்தான். ஸ்டிக்கரெல்லாம் ஜப்பான் எழுத்தில் இருக்கும், இன்ஜின் பூப்போல ஓடும், விலையும் குறைவாக இருக்கும். ஆனால் அந்த மாடல் இங்கே விற்கப்படாத மாடலாக இருந்தால் ஒரு சென்சாருக்கு ஒரு மாதம் வண்டி நிற்கும்.

தேடுவதும் போன் பேசுவதும்

ஓஎல்எக்ஸ், தரகர்கள், கம்பெனி டீலர்கள் எக்ஸ்சேஞ்சில் எடுத்த வண்டிகள், தவணை கட்டாமல் ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்து ஏலம் விடும் வண்டிகள் என்று வழிகள் பல. ஸ்ரீராம் ஆட்டோமால் போன்ற ஏல இடங்களில் விலை மலிவாகத் தெரியும். அங்கே ஒரு மணி நேரம் வேலை வாங்கிப் பார்க்க விடமாட்டார்கள் என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வண்டி வாங்குபவர் ஏலத்துக்குப் போக வேண்டாம் என்பேன். என் ஆசை, ஒரே முதலாளியிடம் ஓடிய வண்டி. அதிலும் அவரே ஆபரேட்டராக இருந்தால் இன்னும் நல்லது.

போனில் நான்கு கேள்வி போதும். பில் யார் பெயரில் இருக்கிறது? ஃபைனான்ஸ் முடிந்து என்ஓசி (கடன் பாக்கியில்லை என்ற சான்று) வாங்கியாகிவிட்டதா? பாறை உடைக்கும் பிரேக்கர் போட்டு ஓட்டியதா? காலையில் நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாமல் வைத்திருக்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு விற்பவர் தயங்கினால் பெட்ரோல் செலவு மிச்சம்.

பிரேக்கர் கேள்வி ஏன் என்றால், பாறை உடைத்த வண்டியின் பூமும், மூட்டுகளில் இருக்கும் பின்னும் புஷ்ஷும் மண் அள்ளிய வண்டியைவிடப் பல மடங்கு அடி வாங்கியிருக்கும். "ஐயோ, இல்லைங்க" என்று சொன்னாலும், நேரில் போய்ப் பூமின் ஓரமாக ஓடும் பிரேக்கர் லைன் பைப்பின் வாய் பளபளவென்று இருக்கிறதா, துருப்பிடித்து மூடிக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

பார்க்கப் போகும் நாள்

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: டார்ச், அளவு டேப், சின்னக் காந்தம், வெள்ளைத் துணி, ஒரு அட்டை, முழ நீளக் கடப்பாரை, சாக்பீஸ். கூட ஒரு மெக்கானிக். அவருக்கு ஒரு நாள் சம்பளமும் பேட்டாவும் கொடுத்து அழைத்துப் போங்கள். கமிஷன் விற்பவரிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்பவரைக் கூட்டிப் போகாதீர்கள்.

போனவுடன் பேச்சுக் கொடுக்கும் முன் இன்ஜின் மூடியைத் திறந்து சைலன்சர் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார்கள். "வெளியே எடுத்து நிறுத்தினேன்" என்பார்கள். டீ சாப்பிடப் போய் இரண்டு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய இன்ஜின்தான் உண்மை பேசும்.

ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். உள்ளே கூலன்ட் இருக்க வேண்டும். எண்ணெய்ப் படலமோ துருத் தண்ணீரோ இருக்கக் கூடாது. ஆயில் குச்சியை வெள்ளைத் துணியில் துடையுங்கள். கறுப்பாக இருப்பது டீசல் இன்ஜினுக்குச் சாதாரணம். காபி நிறத்தில் நுரை தட்டினால் தண்ணீர் கலந்திருக்கிறது. நேற்றுத்தான் மாற்றியதுபோல் தேன் நிறத்தில் இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

இப்போது ஸ்டார்ட். நல்ல இன்ஜின் சில வினாடிகளில் பிடித்துவிடும். முதல் நிமிடப் புகை போகட்டும், அப்புறம் பாருங்கள். விடாத வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல் அல்லது தண்ணீர். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சும்மா நிற்கும்போதே கறுப்பு என்றால் ஏர் ஃபில்டரோ இன்ஜெக்டரோ. ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தலைகீழாக அதே வாயில் வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. குதித்து விழுந்து புகை கொப்பளித்தால் பிஸ்டன் ரிங் வேலை காத்திருக்கிறது.

மணி மீட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. வாடகைக்கு ஓடும் வண்டி நாளுக்கு எட்டு மணி, வருடம் 250 நாள் என்றால் 2,000 மணி நேரம். ஐந்து வருட வண்டியில் 2,800 காட்டினால், அது ஒன்று அதிர்ஷ்டக்கார வண்டி, இல்லையென்றால் மீட்டர் மாற்றிய வண்டி. மிதிகளில் ரப்பர் கோடு அழிந்திருக்கிறதா, லீவர் கைப்பிடி வழுவழுவென்று ஆகிவிட்டதா, சீட்டுத் துணி எத்தனையாவது தடவை தைத்தது என்று பாருங்கள். மீட்டரை மாற்றுபவர்கள் மிதி ரப்பரை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

செயின், அதற்குக் கீழே இருப்பதெல்லாம்

நான் ஏமாந்த இடம் இது. முதல் வண்டியில் ரப்பர் டிராக் இரண்டும் புத்தம் புதுசு. அதைப் பார்த்ததுமே மனசுக்குள் விலை பேசி முடித்துவிட்டேன். செயினை இழுக்கும் ஸ்ப்ராக்கெட்டைக் குனிந்து பார்க்கவில்லை. அதன் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி மாதிரி கூர்த்துப் போயிருந்தன. தேய்ந்த பல்லில் புது டிராக் உட்காராது. சரிவில் திரும்பும்போதெல்லாம் 'டக் டக்' என்று தாண்டும், அப்புறம் கழன்றே விழும். தோப்பு நடுவில் மழையில் கழன்ற டிராக்கை மாட்டியவர்களுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். ஸ்ப்ராக்கெட், இரண்டு ரோலர், முன்பக்க ஐட்லர் சக்கரம் என்று ஒவ்வொன்றாக மாற்றி முடித்தபோது, மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் முழுவதும் போயிருந்தது.

ஆகவே, குனிந்து பாருங்கள். ஸ்ப்ராக்கெட் பல் தட்டையாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ரப்பர் டிராக்கில் மேலோட்டமான வெடிப்பு பரவாயில்லை. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வெளியே தெரிந்தால் ஈரம் புகுந்து துருப்பிடித்து ஒரு நாள் அறுந்துவிடும். உள்பக்கம் இரும்புத் துண்டுகள் பெயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ரோலர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதன் சீல் போயிற்று, அது அதிக நாள் தாங்காது.

பிறகு பூமைப் பக்கவாட்டில் திருப்பி, பக்கெட்டைத் தரையில் அழுத்தி, ஒரு பக்கச் செயினைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். தூக்கிய செயினை ஓட்டுங்கள். யாரும் அருகில் நிற்கக் கூடாது. செயினில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். இன்னொரு பக்கமும் அதேபோல். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தெளிவாகக் குறைந்தால் அந்தப் பக்க டிராவல் மோட்டார் உள்ளுக்குள் தேய்ந்திருக்கிறது. உரலில் கல் அரைபடுவதுபோல் சத்தம் வந்தால் ஃபைனல் டிரைவ் (செயினைச் சுற்றவைக்கும் கியர் பெட்டி) கியர். மெக்கானிக்கிடம் ஃபைனல் டிரைவ் ஆயில் நட்டைத் தளர்த்தச் சொல்லி, கொஞ்சம் ஆயிலை எடுத்துக் காந்தத்தில் தடவிப் பாருங்கள். மாவு மாதிரி மெல்லிய பூச்சு வயதுக்கு உரியது. செதில் செதிலாக வந்தால் அங்கேயே விடைபெற்றுக்கொள்ளுங்கள். மினி வண்டியில் அதிக விலையுள்ள பாகங்களில் ஃபைனல் டிரைவும் ஒன்று, அது இரண்டு பக்கமும் உண்டு.

மேல் வண்டி ஆடுகிறதா

மேல் பாகம் சுற்றும் பெரிய பேரிங்கை ஸ்விங் பேரிங் என்பார்கள். பக்கெட்டைத் தரையில் ஊன்றி முன்பக்கத்தை லேசாகத் தூக்கி இறக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் தள்ளி நின்று மேல் பாகத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். இறங்கும்போது அது கண்ணுக்குத் தெரிகிற அளவு விரிந்து, 'டங்' என்று உட்கார்ந்தால் பேரிங் போய்விட்டது. அதை மாற்ற மேல் பாகத்தையே கழற்ற வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர் இந்த ஒரு குறை இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

பூம் அடியில் இடம் வலமாகத் திரும்பும் கணு ஒன்று மினி வண்டிகளில் உண்டு. அங்கேயும் பக்கெட் பின்களிலும் கடப்பாரையை நெம்பிப் பாருங்கள். பக்கெட் பின்னில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு, புஷ் மாற்றலாம். கணுவில் ஆட்டம் இருந்தால் லேத் வேலை வரும்; விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

பூமின் அடிப்பக்கத்தையும் வெல்டிங் ஓரங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் பெயின்ட் தடிமனாக, புதிதாக இருந்தால் விரலால் தடவுங்கள். அதன் கீழே பட்டை வைத்து அடித்த வெல்டிங் மேடு தட்டுப்படும். முழு வண்டிக்கும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பழைய பெயின்டோடு கசிவும் கீறலும் தெரிய நிற்கும் வண்டி எவ்வளவோ மேல்.

ஹைட்ராலிக்கைச் சூடாக்கிப் பார்ப்பது

காலையில் ஆறிய ஆயிலில் எந்தப் பம்ப்பும் வாலிபன்தான். ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த பம்ப்பும் அழுத்தம் கொடுக்கும். சூடாகி ஆயில் இளகும்போதுதான் சாயம் வெளுக்கும். அதனால் ஒரு மணி நேரமாவது உண்மையான மண் வேலை வாங்குங்கள். டீசலுக்கு நீங்களே பணம் கொடுத்துவிடுங்கள். மூன்று டன் வண்டிக்கு மணிக்கு இரண்டிலிருந்து நான்கு லிட்டர்தான் ஆகும். அதைக் கொடுத்தபின் "போதும் நிறுத்துங்க" என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

ஆரம்பத்தில் ஒரு தடவையும், சூடானபின் ஒரு தடவையும் பூமைத் தரையிலிருந்து முழு உயரத்துக்குத் தூக்க எத்தனை வினாடி என்று செல்போனில் எடுங்கள். கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். சூட்டில் தெளிவாகச் சோர்ந்து போனால் பம்ப். பூமைத் தூக்கிக்கொண்டே சுற்றச் சொல்லுங்கள், சுற்றிக்கொண்டே ஆர்மை (பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் கை) மடக்கச் சொல்லுங்கள். இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யும்போது ஒன்று அப்படியே நின்றுவிடக் கூடாது. ஆர்மை முழுக்க மடக்கி லீவரைப் பிடித்திருக்கும்போது இன்ஜின் முனக வேண்டும், அணையக் கூடாது.

இப்போது பக்கெட்டில் மண்ணை நிரப்பி, ஆர்மை நீட்டி, நெஞ்சு உயரத்தில் வைத்து இன்ஜினை நிறுத்துங்கள். சிலிண்டர் ராடில் சாக்பீஸ் அடையாளம் வைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். பக்கெட்டுக்குக் கீழே யாரும் போகக் கூடாது. ஒரு விரல் அளவு இறங்கினால் பழைய வண்டிக்கு ஏற்றுக்கொள்ளலாம். கண் முன்னால் தரைக்கு வந்தால் சிலிண்டர் சீலோ கண்ட்ரோல் வால்வோ. சீல் சில ஆயிரத்தில் முடியும், வால்வு அப்படியல்ல. எது என்பதை உங்கள் மெக்கானிக் சொல்லட்டும்.

ராடுகளில் கீறல், குழி இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் புது சீலையும் அது அறுக்கும். ஹோஸ்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க அட்டையை நீட்டுங்கள், கையை நீட்டாதீர்கள். உள்ளே 200 பாருக்கு (காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 200 மடங்குக்கு) மேல் அழுத்தம். ஊசி முனை ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், விரலையே இழந்தவர்கள் உண்டு. அப்படிப் பட்டால் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

கடைசியாகச் சின்னச் சரிவில் நிறுத்தி மேல் பாகத்தைப் பக்கவாட்டில் திருப்பி விடுங்கள். நின்ற இடத்தில் நிற்க வேண்டும். தானாகச் சரிவுப் பக்கம் வழிந்தால் ஸ்விங் மோட்டாரைப் பார்க்க வேண்டும். ஓட்டப் போவது நீங்களே என்றால் நீங்களும் உட்கார்ந்து ஓட்டுங்கள். லீவர் அமைப்பில் இரண்டு முறை உண்டு. ஐஎஸ்ஓ முறையில் இடது கை லீவர் சுற்றவும் ஆர்முக்கும், வலது கை பூமுக்கும் பக்கெட்டுக்கும். எஸ்ஏஇ முறையில் பூம் இடது கைக்கும் ஆர்ம் வலது கைக்கும் மாறிவிடும். பழகாத முறையில் அவசரத்துக்குக் கை தப்பாகத்தான் போகும்.

குழி தோண்டும் ஆகர் மாட்டும் எண்ணம் இருந்தால் இன்னொன்று பாருங்கள். பிரேக்கருக்கு ஒரு பக்கம் ஆயில் போனால் போதும். ஆகர் முன்னும் பின்னும் சுற்ற வேண்டும், அதற்கு இருவழி லைன் வேண்டும். பைப் இரண்டு தெரிவதால் இருவழி என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு பைப் திரும்பி டாங்குக்குப் போகிறதாக இருக்கலாம்.

காகிதம்

டயர் ஜேசிபிக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கும். செயின் வண்டிகளில் பல பதிவு இல்லாமல் பில்லை மட்டும் வைத்துக் கை மாறுகின்றன. அதனால் பில் சங்கிலிதான் இங்கே பத்திரம். கம்பெனி முதலில் விற்ற ஒரிஜினல் பில்லிலிருந்து இப்போது விற்பவர் வரை நடுவில் ஒரு கண்ணி கூட விடுபடக் கூடாது. இறக்குமதி வண்டி என்றால் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி வேண்டும். வண்டியில் அடித்திருக்கும் சீரியல் தகடு, சட்டத்தில் குத்தியிருக்கும் எண், இன்ஜின் எண் மூன்றையும் பில்லோடு ஒப்பிடுங்கள். தகட்டின் ரிவெட் மட்டும் புதிதாக இருந்தாலோ, எண் குத்திய இடம் கிரைண்டர் பிடித்ததுபோல் வழுவழுப்பாக இருந்தாலோ, அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்புங்கள்.

ஃபைனான்ஸ் முடிந்த என்ஓசியை ஜெராக்ஸில் நம்பாமல் அந்தக் கிளைக்குப் போன் செய்து கேளுங்கள். இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் கேட்பதில்லை: வண்டி மண் கேஸில் மாட்டியதா? அனுமதியில்லாமல் கனிமம் எடுத்தால் அதற்குப் பயன்பட்ட வண்டியையும் பறிமுதல் செய்ய 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தில் இடமுண்டு. கோர்ட்டில் பாண்டு எழுதிக் கொடுத்து இடைக்காலமாக மீட்ட வண்டியை விற்கக் கூடாது என்றுதான் பொதுவாக நிபந்தனை இருக்கும். ஓடிய ஊரின் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுவது நல்லது. நீங்கள் வாங்கியபிறகும் இது பொருந்தும். சொந்த நிலத்துக் குழி வேறு. குளத்து வண்டலோ, வெளியே போகும் மண்ணோ என்றால் அனுமதிச் சீட்டு இல்லாமல் பக்கெட்டை வைக்காதீர்கள்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் மூன்று எண்களும், "இந்தத் தேதிக்கு முந்தைய வழக்கு, கடன் எல்லாம் விற்பவர் பொறுப்பு" என்ற வரியும் இருக்கட்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் பில் வாங்காமல் வராதீர்கள்.

விலை

கண்டுபிடித்த குறைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஸ்பேர் கடை விலையைப் போட்டு, கூட்டிக் காட்டுங்கள். குரல் உயர்த்துவதைவிட அந்தத் துண்டுச் சீட்டுக்கு மதிப்பு அதிகம். என் இரண்டாவது வண்டிக்கு அப்படித்தான் பேசினேன். அவர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, நான் கவனிக்காத ஒரு ஹோஸையும் அவரே காட்டினார். அந்த மனிதரிடம் வாங்கலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். பேசிய விலைக்கு மேல் பத்து, பதினைந்து சதவீதம் கையில் இல்லை என்றால் அந்த வண்டி உங்களுக்குப் பெரிய வண்டி. முதல் ஆறு மாதத்தில் ஏதாவது ஒன்று கேட்கும்.

வீட்டுக்குக் கொண்டுவருவது

செயின் வண்டியைத் தார் ரோட்டில் ஓட்டி வர நினைக்காதீர்கள். லாரியில் ஏற்றும் நேரம்தான் ஆபத்தான நேரம். ஈரமான பலகையில் ஏற்ற வேண்டாம். பழகிய ஆபரேட்டர் ஏற்றட்டும். ஏற்றியபின் பக்கெட்டையும் மண் தள்ளும் பிளேடையும் தளத்தில் இறக்கி, நாலு மூலையிலும் சங்கிலி போட்டுக் கட்டுங்கள். பூம் மடங்கிய உயரத்தை அளந்து டிரைவரிடம் சொல்லுங்கள். கிராமத்து வழியில் மின்கம்பி தாழ்வாகத் தொங்கும். கிளம்பும் முன்பே இன்சூரன்ஸ் பேசிவிடுங்கள். இத்தகைய இயந்திரங்களுக்கு சி.பி.எம். (கான்ட்ராக்டர்ஸ் பிளான்ட் அண்ட் மெஷினரி) என்று தனிப் பாலிசி உண்டு.

முதல் வாரம்

விற்பவர் நேற்றுத்தான் மாற்றினேன் என்று சத்தியம் செய்தாலும் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், இரண்டு ஃபைனல் டிரைவ் ஆயில், ஹைட்ராலிக் ரிட்டர்ன் ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அன்றிலிருந்துதான் உங்கள் கணக்கு ஆரம்பம். இன்ஜின் ஆயிலைப் பொதுவாக 250 மணிக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள். தோட்டத்து வண்டி வருடத்தில் அவ்வளவு ஓடாது; மணி ஆகாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். எல்லாப் பின்னுக்கும் கிரீஸ் அடியுங்கள், பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே வரும்வரை. செயின் இறுக்கத்தையும் கிரீஸ் வைத்துத்தான் சரி செய்வது. தளர்த்தும்போது அந்த வால்வை ஒரேயடியாகக் கழற்றாமல், முகத்தைத் தள்ளி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். உள்ளிருக்கும் கிரீஸ் துப்பாக்கிக் குண்டு போல வரும்.

கழற்றிய பழைய ஃபில்டர்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஹாக்ஸா பிளேடால் அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் பாருங்கள், காந்தத்தையும் ஓட்டுங்கள். ஐம்பது மணி நேரம் ஓடியபின் ரிட்டர்ன் ஃபில்டரை மறுபடி கழற்றி அதேபோல் அறுத்துப் பாருங்கள். முதலில் இருந்ததைவிடத் தூள் குறைந்திருந்தால், பண்ணைக்குட்டைக்கு நூல் பிடித்து அளவு குறிக்கலாம்.